கண்மாய் நிறையாததற்குக் காரணம் ஓடையில் இருந்தது

திருமங்கலத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். மழை பெய்து ஓடை வந்தால்தான் எங்கள் பாசன ஏரியான கண்மாய் பெருகும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஐப்பசி மழை நன்றாகவே பெய்தும் கண்மாய் பாதிகூட நிறையவில்லை. ஏன் என்று ஓடை வழியே மேற்கே நடந்தோம், ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் ஓடையையே காணோம். சவுடு மண் அடித்து மேடாக்கி, கல் ஊன்றி, கலர் கொடி கட்டி பிளாட் போட்டிருந்தார்கள்.

உடனே 'கண்மாயைக் காப்பாற்றுங்கள்' என்று எழுதி, திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுத்தேன். கண்மாயில் ஆக்கிரமிப்பு இல்லை என்று ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அது உண்மைதான், ஆக்கிரமிப்பு ஓடையில் அல்லவா இருந்தது? மனுவில் நான் ஒரு சர்வே நம்பர்கூட எழுதவில்லை. வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் எங்கள் நீர்பாய்ச்சி மாமாதான் சொன்னார்: "மாப்ள, கண்மாய்க்குள்ள கைவச்சா ஊரே பாக்கும். வரத்த அடைச்சா எவனும் பாக்க மாட்டான்."

அப்புறம்தான் காகிதத்தைத் தேட ஆரம்பித்தோம். எந்த சர்வே நம்பர் என்ன வகை நிலம், யார் பெயரில் என்று சொல்லும் அ-பதிவேட்டையும், அதன் எல்லை அளவுகளைக் காட்டும் புல வரைபடத்தையும் அரசு இணையதளத்திலேயே எடுக்கலாம். ஓடை மூன்று சர்வே நம்பரில் போகிறது. இரண்டில் ஓடைப் புறம்போக்கு என்று தெளிவாக இருக்கிறது, மூன்றாவதில் எல்லாமே பட்டா. 1979இல் தொடங்கிய யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்புக்கு முந்தைய ஆவணம் வேண்டும் என்று 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். 30 நாளில் வர வேண்டிய பதில் வரவில்லை. மேல்முறையீடு செய்த பிறகு நகல் கிடைத்தது, அதில் அந்த இடம் தனி உட்பிரிவாக ஓடை என்றே இருந்தது. அந்தத் தாளைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் போட்டோம், மூன்று சர்வே நம்பரையும் தீர்மானத்துக்குள்ளேயே எழுத வைத்தோம். அங்கே ஒரு நல்ல காரியம் நடந்தது. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் எழுந்து, "இந்த ஓடையைத் தூர்வாரினது நாங்கதான், எங்க பேரு மஸ்டர் ரோல்ல இருக்கு" என்றார்கள். அரசுப் பணத்தில் தூர்வாரிய இடத்தை ஓடை இல்லை என்று யார் சொல்ல முடியும்? அந்த வருகைப் பதிவேட்டின் நகலையும் சேர்த்துக்கொண்டோம்.

யாரிடம் போவது என்பதிலும் குழப்பம் இருந்தது. எங்கள் கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்குள் இருப்பதால் அது ஊராட்சி ஒன்றியத்துக் கண்மாய். 2007ஆம் வருட ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் பொதுப்பணித் துறைக் கட்டுப்பாட்டில் இருந்தவற்றுக்குத்தான் என்பதால், எங்களுக்குப் பழைய 1905ஆம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டம்தான் வழி. தாசில்தார் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதற்கு முன்னால் சர்வேயர் அளக்க வேண்டும். அளவை மட்டும் நான்கு முறை தள்ளிப்போனது.

இந்த இடைவெளியில் நாங்கள் செய்த ஒரு காரியம்தான் உண்மையில் கைகொடுத்தது. அந்த மனைப்பிரிவுக்கு அப்போது அங்கீகாரம் கிடைக்கவில்லை. 2016இல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியத் தடை போட்டதிலிருந்து அந்த அனுமதி இல்லாமல் விற்பது கஷ்டம், அனுமதிக்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றும் வேண்டும். வரைபடம், பழைய நகல், தீர்மானம் மூன்றையும் இணைத்து, நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் நீர்வளத் துறைக்கும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் ஆட்சேபம் அனுப்பினோம். இதை முதல் வாரமே செய்திருக்க வேண்டும். மனை விற்ற பிறகு போயிருந்தால், நகையை அடகு வைத்து இரண்டு சென்ட் வாங்கிய ஒரு குடும்பத்தோடு நாங்கள் சண்டை போட வேண்டியிருந்திருக்கும்.

அவர்களுடைய மனைப்பிரிவு வரைபடம் திருப்பி அனுப்பப்பட்டது. ஓடையை விட்டு மனைகளை மாற்றிப் போட்டார்கள். சர்வேயர் வந்து கல் நட்டார், ஜே.சி.பி. இரண்டு நாள் மண்ணை அள்ளியது. போன கார்த்திகையில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு நீர்பாய்ச்சி மாமா போன் செய்து, "வந்துருச்சு" என்றார். டார்ச் எடுத்துக்கொண்டு எல்லோரும் கரைக்கு ஓடினோம்.

ஓடை குறுக்கிடும் ரோட்டுக்கு அடியில் போட்ட சின்னக் குழாயை இன்னும் மாற்றவில்லை. பெரிய மழையில் தண்ணீர் அங்கே முட்டி நிற்கிறது. பாலமாக்கித் தரச் சொல்லிப் போன திங்கள்கிழமை மனு கொடுத்திருக்கிறோம், இந்த முறை சர்வே நம்பரோடு.