முத்துப்பிள்ளை கர்ப்பமும் பீட்டா எச்.சி.ஜி. ரிப்போர்ட்டும்

என் ஸ்கேனில் சிசு இல்லை. கருப்பை முழுக்கத் திராட்சைக் கொத்து மாதிரி நீர்க்கொப்புளங்கள். டாக்டர் 'மோலார் பிரக்னன்சி' என்றார். வீட்டில் அத்தை கேட்டதுமே, "முத்துப்பிள்ளையா?" என்றார். அவர் ஊரில் யாருக்கோ வந்திருக்கிறதாம்.

கருமுட்டையில் தாயின் குரோமோசோம்கள் இல்லாமல் போய், அப்பாவுடையது மட்டும் இரட்டித்தால் இப்படி ஆகும். நஞ்சுத் திசு, அதாவது நஞ்சுக்கொடியாகும் திசு மட்டும் பெருகும், சிசு உருவாகாது. பப்பாளி சாப்பிட்டது, குடம் தூக்கியது எதற்கும் இதில் பங்கில்லை. விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

மயக்கம் கொடுத்து உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். அதோடு முடிந்தது என்று சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து போனார்கள். எனக்கோ வாராவாரம் பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை. அது நஞ்சுத் திசு சுரக்கும் ஹார்மோன், உள்ளே மிச்சத் திசு வளர்ந்தால் காட்டிக்கொடுத்துவிடும். லட்சத்தில் இருந்தது மளமளவென்று இறங்கி, அப்புறம் அசையவில்லை: 812, 790, 805, 798.

உடம்புக்கு ஒன்றுமே இல்லை. நன்றாகப் பசித்தது, வேலைக்கும் போனேன். "கொஞ்சம்தானே இருக்கு, தானா இறங்கிடாதா?" என்றார் என் வீட்டுக்காரர். மூன்று வாரத்தில் எடுத்த நான்கு அளவுகள் இப்படி ஒரே இடத்தில் நின்றால், நஞ்சுத் திசுப் புற்று என்று முடிவு செய்து சிகிச்சை தொடங்கிவிடுவார்கள். என்னைப் போல் சிசுவே உருவாகாத முழு முத்துப்பிள்ளை வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து, இருபது பேருக்கு இப்படித் திரும்புமாம். பயாப்ஸிகூட வேண்டாம், அந்த எண்ணே போதும். புற்று என்ற சொல்லைக் கேட்டு அம்மா அழுதார். நுரையீரலுக்குப் போயிருக்கிறதா என்று மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். அதற்குப் பிறகு நோயின் ஆபத்துக்கு மதிப்பெண் போட்டார்கள். ஆறு வரை வந்தால் ஒரே மருந்து, ஏழோ அதற்கு மேலோ என்றால் பல மருந்து. எனக்கு 1.

மருந்து மெத்தோட்ரெக்ஸேட், கீமோதான். ஒருநாள் விட்டு ஒருநாள் 50 மில்லிகிராம் தசையில் ஊசி, இடைநாட்களில் ஃபோலினிக் ஆசிட் மாத்திரை. எட்டு நாள் இப்படி, பிறகு இடைவெளி. இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று. முடி கொட்டவில்லை. வாய்ப்புண்தான் படுத்தியது. ரசத்தில் ஒரு மிளகு கடிபட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், தயிர்சாதமும் இளநீருமாகவே ஓட்டினேன். கர்ப்பத்துக்கென்று வாங்கிய ஃபோலிக் ஆசிட் மாத்திரை (ஃபோலினிக் வேறு, இது வேறு) மிச்சமிருந்தால் தூர வையுங்கள், மருந்தின் வேலையை அது குறைக்கும். வலி மாத்திரையும் கேட்காமல் வேண்டாம்.

நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவின் குழுதான் அமெரிக்காவில் இந்த மருந்தை உருவாக்கியது. 1956-இல் அங்கே பெத்தெஸ்டா என்ற ஊரில் மின் சியூ லி என்ற மருத்துவர் இதைக் கொடுத்து, நஞ்சுத் திசுவிலிருந்து வரும் கோரியோகார்சினோமா என்ற புற்றைக் குணப்படுத்தினார். கட்டி மறைந்த பிறகும் ஹார்மோன் போகும்வரை ஊசியை நிறுத்த மாட்டேன் என்று நின்றதால் அவருக்கு வேலையே போனது. பிறகு 1972-இல் அவருக்கே லாஸ்கர் என்ற மருத்துவ விருது கொடுத்தார்கள். என் ரிப்போர்ட் நார்மலுக்கு வந்ததும், "இன்னும் மூணு சுற்று இருக்கும்மா" என்று நர்ஸ் சொன்னபோது எரிச்சல்தான் வந்தது. லியின் கதையைப் படித்த பிறகு வாயை மூடிக்கொண்டு கையை, சரி, இடுப்பைக் காட்டினேன்.

லேப் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். அவசரத்துக்கு ஒருமுறை வேறு லேபில் கொடுத்தேன். அளவு ஏறிவிட்டதாக வந்தது. பழைய லேபில் மறுபடி எடுத்தால் இறங்கியிருந்தது. கருவி மாறினால் கணக்கும் மாறும்.

கீமோ முடிந்து ஒரு வருடம் கருத்தரிக்கக் கூடாது. "அடுத்தது எப்போ?" என்று கேட்பவர்களை அத்தையே சமாளித்தார், அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். திரும்ப முத்துப்பிள்ளை வர நூற்றில் ஒன்றுதான் வாய்ப்பு. அடுத்த முறை நாள் தள்ளியதும் சீக்கிரமே ஸ்கேன், பிரசவமாகி ஆறு வாரத்தில் இன்னொரு பீட்டா எச்.சி.ஜி. என்று டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.