நேத்து ராத்திரி என்ன சொப்பனம்?

பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கேமராவை நீட்டி, "உன் கனவு என்ன?" என்று கேட்டால் கலெக்டர், டாக்டர் என்று பேச்சுப்போட்டிப் பதில்தான் வரும். பாளையங்கோட்டையிலும் அதுதான், உவரியிலும் அதுதான். "ஏட்டி, நேத்து ராத்திரி என்ன சொப்பனம் கண்ட?" என்று கேளுங்கள். யார் வந்தாவ, எந்த வீடு, என்ன சேலை என்று மளமளவென்று வரும். நிஜ மனிதர்கள் தங்கள் வாழ்க்கையையே நடிக்கும் ஆவண நாடகப் படத்துக்குக் கதை அதிலேதான் இருக்கிறது.

ஐந்து பிள்ளைகள், ஆளுக்கு நாலு நிமிடம் போதும். அதற்கு மேல் சேர்த்தால் முகங்கள்தான் மிஞ்சும்.

சொப்பனக் காட்சியைப் பிள்ளைகளே நடிக்கட்டும். அங்கே ஒலிப்பதிவு வேண்டாம். 1950களில் பிரெஞ்சு இயக்குநர் ஜான் ரூஷ் மேற்கு ஆப்பிரிக்காவின் அபிஜானில் செய்தது இதைத்தான்: இளைஞர்களைத் தங்கள் ஆசைகளையே நடிக்கவைத்து, பிறகு படத்தைப் பார்த்துக்கொண்டே பேசவைத்தார். பிள்ளைகளின் அந்தப் பேச்சைப் பதிய மெத்தையும் போர்வையும் நிறைந்த அறை நல்லது. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். இரண்டு டேக்தான், மூன்றாவதில் குரல் மேடையேறிவிடும்.

அன்றாடக் காட்சிகளுக்கு அந்த இடத்துச் சத்தம் அவசியம். முக்கூடல் பக்கத்து வீடொன்றில் அம்மா மடியில் சொளவை (முறத்தை) வைத்து பீடி சுற்றுகிறாள், மகள் பக்கத்தில் இருந்து பேசுகிறாள் என்று வையுங்கள். மைக்கை மகளின் சட்டையில், அம்மாவுக்கு எதிர்ப்பக்கம் குத்துங்கள். இல்லையென்றால் இலை வெட்டும் கத்தரிச் சத்தம் ஒவ்வொரு சொல்லையும் நறுக்கும். அதற்காகக் கத்தரியை நிறுத்தச் சொல்லாதீர்கள். அம்மாவின் கை நின்றால் மகளின் பேச்சும் நின்றுவிடும். ஒருவரும் பேசாமல் அந்த இடத்துச் சத்தத்தை மட்டும் 30 விநாடி தனியாகப் பதிந்துகொள்ளுங்கள், எடிட்டிங்கில் ஒட்டுப்போட உதவும். நிஜத்துக்குச் சத்தம், சொப்பனத்துக்கு வெறும் குரல்: இந்த வித்தியாசமே பார்ப்பவருக்குப் போதும். பின்னணி இசை இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

ராதாபுரம், பணகுடிப் பக்கம் ஆனி, ஆடிக் காற்றுக்கு மைக்கின் பஞ்சு உறை தாங்காது. ரோமம் வைத்த உறை வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எனவே விநாடிக்கு 25 ஃபிரேம், 1/50 விநாடி ஷட்டர். போனை 30 ஃபிரேம், 1/60-இல் விட்டால் பழைய டியூப்லைட் வெளிச்சம் பட்டை பட்டையாக ஓடும். வெள்ளையடித்த சுவர் முன்னால் நிற்பவரின் முகத்துக்கே வெளிச்ச அளவை வையுங்கள், சுவர் வெளுத்துப்போனால் போகட்டும்.

மணிக்கட்டைக் க்ளோசப்பில் எடுக்குமுன் கயிற்றைப் பாருங்கள். நெல்லைப் பக்கம் கயிற்றின் நிறமே சாதியைச் சொல்லிவிடும். 2023-இல் நாங்குநேரியில் பட்டியலின மாணவனைப் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் அதைத் தடுக்கச் சொன்னது. ஒருவர் சொப்பனத்தில் வேறு தெருப் பிள்ளையை அண்ணனாக நடிக்கவைப்பது இந்தப் படத்தால் மட்டுமே முடிகிற காரியம். அதைத் தவறவிடாதீர்கள்.

பெற்றோரின் எழுத்துச் சம்மதம் முதலிலேயே வேண்டும். ஆனால் எடிட் செய்த படத்தை முதலில் பிள்ளைக்கு மட்டும் போட்டுக்காட்டுங்கள். வீட்டுக்குத் தெரியாத ஆசை அதில் இருக்கலாம். வேண்டாம் என்று பிள்ளை சொல்லும் காட்சியைப் படத்திலிருந்து எடுத்தால் மட்டும் போதாது, ஹார்ட் டிஸ்க்கிலிருந்தும் அன்றைக்கே அழித்துவிடுங்கள்.