ஜிம் ஃபெல்ப்ஸுக்கு அப்படிச் செய்திருக்கக் கூடாது

'மிஷன்: இம்பாசிபிள்' தொலைக்காட்சித் தொடரைப் பார்த்து முடித்த கையோடு, 1996-இல் வந்த படத்தை மறுபடியும் பார்த்தேன். இரவெல்லாம் மனசு ஆறவில்லை.

1966 முதல் 1973 வரை ஓடிய, ஒரு ரகசிய உளவுக் குழுவைப் பற்றிய தொடர் அது. அதில் தனி நாயகன் கிடையாது. மாறுவேடக்காரர், மின்கருவி நிபுணர், பலசாலி என்று ஆளுக்கொரு வேலை. எல்லாம் சேர்ந்தால்தான் திட்டம் பலிக்கும். இரண்டாம் சீசனிலிருந்து தலைமை ஜிம் ஃபெல்ப்ஸ். அவராக நடித்த பீட்டர் கிரேவ்ஸின் அந்த நிதானத்துக்காகவே எத்தனையோ அத்தியாயங்களைத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

படத்திலோ அந்த ஃபெல்ப்ஸையே துரோகி ஆக்கிவிட்டார்கள். ப்ராக் நகரிலேயே குழு சிதறி, கதை டாம் குரூஸ் தோளில் ஏறிக்கொள்கிறது. திருப்பம் வேண்டும் என்றால் புதிதாக ஒருவரைப் படைத்திருக்கலாமே! பழைய ரசிகர் ஆறு சீசன் சேர்த்துவைத்த நம்பிக்கை அது.

ஆனால் லாங்லியில் சிஐஏ தலைமையகத்துக்குள் புகும் காட்சியில் நான் தோற்றுப்போகிறேன். கயிற்றில் தொங்கும் உடல், தரையில் விழப்போகும் ஒரு துளி வியர்வை, இசையே இல்லாத நிமிடங்கள். துப்பாக்கி இல்லாமல், பொறுமையாலும் துல்லியத்தாலும் பதற்றம் கூட்டுவது தொடரின் ரத்தம். படத்தின் இயக்குநர் பிரையன் டி பால்மா அதை நன்றாகவே புரிந்துகொண்டிருந்தார்.

தொடருக்கு லாலோ ஷிஃப்ரின் அமைத்த முகப்பு இசையையும் படம் விட்டுவிடவில்லை. ஐந்தைந்தாக எண்ணும் அந்தத் தாளம், திரி பற்றியதும் தொடங்கும்போது, இப்போதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறேன்.