டிராக் டே டயர்: வெளி ஓரத்தைக் காப்பாற்றும் வேலை

சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டும் நாள்தான் டிராக் டே. அதற்கு நாங்கள் கொண்டுபோகும் கார் முன் இன்ஜின், பின்சக்கர ஓட்டம், எடை சுமார் 1,250 கிலோ. முன்பக்க சஸ்பென்ஷன் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண். நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு டயர், 225/45 ஆர்17, டிரெட்வேர் எண் (தேய்மானத் தர எண்) 200. டிராக் கடிகாரச் சுற்றில் ஓடுவது. வலது வளைவுகள் அதிகம் என்பதால் இடது முன் டயர்தான் அதிகமாக அடி வாங்கும்.

முதல் செட்டைக் கழற்றியபோது இடது முன் டயரின் வெளி ஷோல்டரில் (டிரெட் பக்கச்சுவரோடு சேரும் ஓரத்தில்) உள்ளிருக்கும் கம்பி எட்டிப் பார்த்தது. அதே டயரின் உள் பள்ளத்தில் 4.5 மி.மீ. ரப்பர் அப்படியே இருந்தது. அதாவது பாதிக்கும் மேல் ரப்பரை வைத்துக்கொண்டே டயர் குப்பைக்குப் போனது. அன்றிலிருந்து செய்ததெல்லாம் ஒரே வேலைதான்: தேய்மானத்தை டயரின் முழு அகலத்துக்கும் பரப்புவது.

டிரெட்வேர் எண்ணை வைத்து ஆயுளைக் கணக்குப் போட வேண்டாம். அமெரிக்காவில் பொதுச் சாலையில் 7,200 மைல் ஓட்டி எடுக்கும் தேய்மானத்தை அடிப்படையாக வைத்து, தயாரிப்பாளரே போடும் எண் அது. டிராக்கின் வெப்பத்தில் ரப்பர் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது சொல்லாது.

அளவெடுக்க மூன்று கருவி வேண்டும்: பள்ளத்தின் ஆழத்தை 0.1 மி.மீ. வரை காட்டும் டிரெட் கேஜ், ஒரே நல்ல பிரஷர் கேஜ், ஊசி வைத்த பைரோமீட்டர் (வெப்பமானி). அகச்சிவப்புத் துப்பாக்கி ரப்பரின் மேல்தோலை மட்டும்தான் பார்க்கும். கார் பிட்டுக்குள் (டிராக் ஓரத்தில் கார்கள் நிற்கும் இடம்) வருவதற்குள்ளேயே அந்தத் தோல் ஆறிவிடும். ஊசியை 2 மி.மீ. ஆழம் குத்தி, உள், நடு, வெளி என மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். இரண்டு ஓரத்திலும் விளிம்பிலிருந்து 2 செ.மீ. உள்ளே தள்ளி. இதற்காக ஒரு செஷனை (டிராக்கில் ஒரு தடவை ஓடும் நேரத்தை) ஒதுக்குங்கள். ஆறும் லேப் (சூட்டைத் தணிக்கும் மெதுவான சுற்று) ஓட்டாமல் வேகமான லேப் முடிந்த கையோடு உள்ளே வந்து, இடது முன் டயரில் தொடங்கி, ஒரு நிமிடத்துக்குள் பன்னிரண்டு அளவையும் எடுத்துவிட வேண்டும். பிரேக் கொதித்துக்கொண்டிருக்கும், ஹேண்ட்பிரேக்கைத் தொடாதீர்கள். எடுத்து முடித்ததும் காரை மெதுவாக உருட்டி பிரேக்கை ஆறவிடுங்கள்.

முதல் அளவில் இடது முன் டயர் காட்டியது: வெளி 96, நடு 88, உள் 74 டிகிரி செல்சியஸ். வளைவில் உள் ஓரம் கிட்டத்தட்ட வேலையே செய்யவில்லை. அப்போது கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, மைனஸ் 1.0 டிகிரி. மைனஸ் என்றால் சக்கரத்தின் தலை உள்நோக்கிச் சாய்ந்திருக்கிறது.

முதலில் தொட்டது பிரஷரை, காரணம் அதற்கு ஸ்பானர்கூட வேண்டாம். டயர் 5 அல்லது 6 டிகிரி சூடானால் பிரஷர் சுமார் 1 பிஎஸ்ஐ ஏறும். எனவே குளிர்ந்த நிலையில் வைக்கும் எண் ஒரு தொடக்கம் மட்டுமே, பார்க்க வேண்டியது சூடான எண். குளிரில் 27-ல் தொடங்கி, முதல் செஷன் முடிந்ததும் சூட்டில் ஏறியிருந்த நான்கையும் 33-க்கு இறக்கினோம். இடது பக்கம் அதிகம் சூடாவதால், அடுத்த முறையிலிருந்து அந்த இரண்டு டயரை மட்டும் 1.5 பிஎஸ்ஐ குறைவாக வைத்துத் தொடங்கினால் சூட்டில் நான்கும் சமமாக வந்து நிற்கின்றன. நடுப்பகுதி இரண்டு ஓரத்தையும்விடச் சூடாக இருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் நடுவைவிடச் சூடாக இருந்தால் குறைவு. சூடான எண்ணை 30-க்கும் கீழே இறக்கிப் பார்த்ததில் சைட்வால் மடங்கி, ஷோல்டரில் இருக்கும் சிறிய முக்கோணக் குறியைத் தாண்டியும் தேய்ந்தது. பைரோமீட்டர் இல்லாதவர்கள் ஷோல்டரில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு ஓட்டலாம். கோடு அந்த முக்கோணத்தின் நுனி வரை அழிந்திருந்தால் சரி.

மாலையில் ஒன்றை மறக்கக் கூடாது. சூட்டில் இறக்கிய காற்று, டயர் ஆறியதும் 26-க்கு வந்திருக்கும். சாலையில் கிளம்பும் முன் கார் கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நிரப்பியே ஆக வேண்டும்.

பிரஷர் ஓரளவுக்குத்தான் உதவியது. வெளி ஓரத்தை உண்மையில் காப்பாற்றியது கேம்பர். ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட்டுக்குப் பதில் கேம்பர் போல்ட் போட்டதில் மைனஸ் 2.2 வரை போனது. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஸ்ட்ரட்டின் தலையில் கேம்பர் பிளேட்தான். பிளேட் போட்டு மைனஸ் 3.0-இல் நிறுத்தியபின் அதே டயர் காட்டியது: உள் 90, நடு 87, வெளி 83. உள் ஓரம் 5 முதல் 8 டிகிரி கூடுதலாக இருப்பது நல்லது, ஏனென்றால் நேர்ப்பாதையில் அது தனியாகச் சூடாகிறது. மூன்றும் ஒரே எண்ணாக வந்தால் வளைவின் நடுவில் வெளி ஓரம் இன்னும் அதிகமாகத்தான் உழைக்கிறது என்று பொருள். பின்பக்கம் மைனஸ் 2.0 போதும்.

கேம்பரை மாற்றினால் டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்நுனி உள்ளே (டோ-இன்) அல்லது வெளியே (டோ-அவுட்) திரும்பியிருக்கும் அளவு, தானாகவே நகர்ந்துவிடும். அதைப் பார்க்காமல் ஓட்டி உள் ஓரத்தைத் தின்னக் கொடுத்துவிட்டு, கேம்பர் மேல் பழி போடுபவர்கள் அதிகம். டோவைக் கடைசியாக, ஓட்டுநர் எடையைச் சீட்டில் வைத்து, சரிசெய்ய வேண்டும். முன்பக்கம் பூஜ்யம், பின்பக்கம் சிறிதளவு டோ-இன். முன்பக்க டோ-அவுட் திருப்பத்தைக் கூர்மையாக்கும் என்பது உண்மைதான். ஆனால் சாலையிலும் ஓடும் காருக்கு அது டயரைச் சீவும் ரம்பம். டிரெட்டின் குறுக்கே உள்ளங்கையை இரு திசையிலும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் விளிம்புகள் கீறினால் டோ தவறு.

இடமாற்றம்: ஒவ்வொரு டிராக் நாள் முடிந்ததும் டிரெட் அளந்து, அதிகம் தேய்ந்த இடது முன் டயரை வலது பின்னுக்குக் கொண்டுபோகிறோம். இந்த செட்டுக்குச் சுழல் திசைக் குறி இல்லை என்பதால் அது முடிகிறது. திசைக்குறி உள்ள டயர் என்றால் ரிம்மிலிருந்து கழற்றிப் புரட்டி, எதிர்ப்பக்கச் சக்கரத்தில் மாட்ட வேண்டும். திசை மாறாது, தேய்ந்த வெளி ஓரம் உள்ளே போய்விடும். ‘வெளிப்பக்கம்’ என்று அச்சிட்ட டயரை அப்படிப் புரட்டக் கூடாது.

புது டயரில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். 7 மி.மீ. உயர டிரெட் கட்டைகள் வளைவில் ஆடி, உள்ளுக்குள்ளேயே சூடாகி, துண்டு துண்டாகப் பிய்ந்துவிடும். முதல் செஷனில் படிப்படியாக வேகம் ஏற்றி, முழுச் சூடு வந்ததும் வெளியே வந்து, அடுத்த நாள் வரை அந்த செட்டைத் தொடாமல் வைத்தோம். அதற்குப் பிறகும் 5 மி.மீ.க்கு வரும்வரை மூன்று வேகமான லேப், ஒரு ஆறும் லேப் என்ற கணக்குதான். முழு நேரம் விரட்டினால் ஐந்தாவது லேப்பிலேயே ரப்பர் பளபளத்து நீலம் பூக்கும். நன்றாக வேலை செய்யும் டயரின் மேற்பரப்பு மணல் தாள்போல் மங்கலாக இருக்க வேண்டும்.

ஸ்டியரிங்கைப் பிடிக்கும் கை தவறினால் இத்தனை அமைப்பும் வீணாகிவிடும். முன்பக்கம் வழுக்கும்போது மேலும் திருப்பினால் கார் கூடுதலாகத் திரும்பாது, டயர் தாரில் இழுபடும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைச் சற்றுத் தளர்த்தி, வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் பிடி திரும்பும். மெதுவான ஹேர்பின்களில் இதை மட்டும் பழகியதில் வெளி ஓர வெப்பம் 4 டிகிரி இறங்கியது, லேப் நேரம் கூடவில்லை.

டிராக்கை விட்டு வரும் லேப்பில் ஓட்டக் கோட்டுக்கு வெளியே கிடக்கும் ரப்பர் உருண்டைகள் மேல் போகாதீர்கள். ஒட்டிக்கொண்டு மறுநாள் சாலையில் அதிரும். கழற்றிய செட்டை வெயில் படாமல், மின்மோட்டார்களுக்குத் தள்ளி, கறுப்புப் பையில் கட்டி வைக்கவும். அந்த மோட்டார்களிலிருந்து வரும் ஓசோன் வாயு ரப்பரில் வெடிப்பு விழ வைக்கும்.

இப்போது ஓடும் மூன்றாவது செட்டில் இடது முன் டயர் உள் 3.1, நடு 3.4, வெளி 2.9 மி.மீ. இனி கவனம் உள் ஓரத்தில்தான், கேம்பர் கூட்டிய காரில் கம்பி முதலில் தெரிவது கண்ணுக்கு எட்டாத அந்தப் பக்கத்தில். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, டார்ச் அடித்துப் பாருங்கள். கையால் தடவுவதாக இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு.