டைமண்ட் குறியைக் கண்ணாடி வழியாகப் படிக்காதீர்கள்

கண்ணாடிச் சர்க்கரைக் கிண்ணத்தில் விற்றவர் ஒட்டியிருந்த சீட்டு 1848 என்றது. அடியில் இருந்த டைமண்ட் குறியை (டிசைன் பிரிட்டனில் பதிவானதைக் காட்டும் சாய்சதுர முத்திரை) ஒழுங்காகப் படித்ததும் வந்தது 1874. சரியாக 26 வருட வித்தியாசம், அதுவும் தற்செயலாக வந்ததில்லை. பிரிட்டிஷ் டிசைன் பதிவில் 1842 முதல் 1867 வரை ஓடிய வருட எழுத்துகளை, 1868இல் எக்ஸ், ஹெச், சி, ஏ என்று அதே வரிசையில் மறுபடி தொடங்கிவிட்டார்கள். ‘யூ’ என்றால் 1848ஆகவும் இருக்கலாம், 1874ஆகவும் இருக்கலாம். எந்த மூலையில் நிற்கிறது என்பதுதான் தீர்மானிக்கும். குறியின் உச்சி வட்டத்தில் உள்ள ரோமன் மூன்றுக்குக் (கண்ணாடி வகை) கீழே, மேல் மூலையில் எழுத்து இருந்தால் முதல் காலகட்டம். அங்கே நாள் எண் இருந்தால் இரண்டாவது. இரண்டாவதில் வருட எழுத்து வலது மூலையில், மாதம் கீழே, பார்சல் எண் (அன்று பதிவான டிசைன் கட்டின் எண்) இடதில்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் மூன்று மாலை வீணானது. கிண்ணத்தின் உள்ளே பார்த்துக் கண்ணாடி வழியாகக் குறியைப் படித்ததுதான் காரணம். அப்படிப் பார்க்கும்போது இடம் வலமாகிவிடுகிறது. ‘யூ’ இடது மூலைக்குப் போய்விட்டது, பட்டியலில் எங்கும் பொருந்தவில்லை. ஏ, ஹெச், ஐ, எம், யூ, எக்ஸ் எல்லாம் திருப்பினாலும் அப்படியே தெரியும் எழுத்துகள். ரோமன் மூன்றும் அப்படித்தான். ஆகவே கண்ணுக்குத் தப்பே தெரியாது. பார்சல் எண்ணான 7 மட்டும் திரும்பி நின்றது, அதை வைத்துத்தான் பிடிபட்டது. எப்போதும் பாத்திரத்தைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை நேராகப் பார்த்தே படியுங்கள்.

தேய்ந்த குறிக்கு: வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிடவும். விரல் நுனியால் டால்கம் பவுடரைப் பள்ளங்களில் தேய்த்து, மேலே உள்ளதைத் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் கோடுகள் எழுந்து வரும். குறி மேடாக இருந்தால் மெல்லிய தாளை வைத்து 6பி பென்சிலால் தேய்ப்பது மேல். ரோமன் மூன்றில் ஒரு கோடு அழிந்தால் இரண்டாகத் தெரியும். அது மர வகை, பதிவேட்டில் சம்பந்தமே இல்லாத பொருள் வந்து நிற்கும்.

யூவி (புற ஊதா) டார்ச்சை மட்டும் நம்பிக் கண்ணாடியின் வயதை முடிவெடுக்க வேண்டாம். பளீரென்ற பச்சை என்றால் யுரேனியம் கலந்த கண்ணாடி. அதை இன்றும் செய்கிறார்கள். 365 நானோமீட்டரில் மங்கலாகப் பச்சை தெரிந்தால் மாங்கனீஸாக இருக்கலாம். இந்தக் கிண்ணம் மங்கல்தான்.

நாள், மாதம், வருடம், பார்சல் எண் நான்கும் கிடைத்தால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பிடி 43, பிடி 44 வரிசைகளில் தேடலாம். முன்னது வரைபடங்கள், பின்னது பதிவேடுகள். அங்கே வரும் பெயர் பதிவு செய்தவருடையது. அது விற்பனையாளராகவும் இருக்கலாம். தேதியும் டிசைன் பதிவான நாள்தான், கிண்ணம் வார்த்த நாள் அல்ல. பாதுகாப்பு 3 வருடம்தான் என்றாலும், அச்சில் இருந்த குறியை அதன் பிறகும் பல நேரம் அழிக்காமல் விட்டார்கள்.

தயாரிப்பாளரைக் காட்டிக்கொடுத்தது பவுடர்தான். டைமண்டுக்குப் பக்கத்தில், அரிசி அளவில் கொண்டை வைத்த மயில் தலை ஒன்று வெள்ளையாக எழுந்து வந்தது. இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் இருந்த சவர்பி கண்ணாடி நிறுவனத்தின் முத்திரை. (சிங்கம் என்றால் கவனம்: கோட்டைக் கொத்தளத்திலிருந்து எழுந்தால் டேவிட்சன், நட்சத்திரம் பிடித்திருந்தால் கிரீனர்.) மயில் முத்திரை பதிவானது 1876இல். ஆக டிசைன் 1874, இந்தக் கிண்ணம் அச்சிலிருந்து வந்தது பெரும்பாலும் 1876 அல்லது அதற்குப் பின். பழைய சீட்டைக் கிழித்துவிட்டு இப்போது இதைத்தான் எழுதி ஒட்டியிருக்கிறது.