டெக்னோ என்றாலே முகம் சுளிப்பவர்களுக்கு

பெர்லினில் டெக்னோ என்கிற மின்னணு நடன இசையைக் கேட்கப் போகிறேன் என்றால் ஊரில் இருப்பவர்கள் மட்டுமல்ல, என்னோடு வேலை பார்க்கும் ஜெர்மன்காரர்கள் சிலரும் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். போதை மாத்திரை, கூச்சல், விடிய விடியக் கூத்து. அதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் தெரியாது. போதைப் புழக்கமே இல்லை என்று நான் வாதாட மாட்டேன். இருக்கிறது, உயிர்கள் போனதும் உண்டு. ஆனால் அதை வைத்தே இந்த இசையை எடைபோடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

"எப்பப் பாத்தாலும் டொம் டொம்தானே, இதுல என்னடா இருக்கு?" என்று அக்கா கேட்பாள். நிறைய இருக்கிறது. டிஜே ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்து, அடுத்த இசைத்தட்டை நமக்குக் கேட்காமல் ஓட்டிப் பார்ப்பார். வேகம் முன்னே பின்னே இருந்தால் தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளின் ஓரத்தில் உள்ள, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஸ்லைடரை மயிரிழை நகர்த்துவார். ஓடுவது நிமிடத்துக்கு 130 தாள அடி என்றால் வருவதும் 130-க்கு வந்தாக வேண்டும். இரண்டின் பேஸும், அதாவது கனத்த தாழ்ந்த ஒலியும், சேர்ந்து ஒலித்தால் குழம்பிவிடும். அதனால் புதியதை பேஸ் இல்லாமல் மெல்ல உள்ளே விடுவார். சரியான அடியில் பழையதன் பேஸை மூடி, புதியதைத் திறப்பார். அப்போது ஆடுகிற கூட்டம் மொத்தமும் சிலிர்த்துக்கொள்ளும். அதுவரை மாறாமல் ஓடிய அடிதான் அந்த மாற்றத்துக்கு அவ்வளவு வலு தருகிறது.

பிரிட்டன் அரசுக்கோ அந்த அடியே குற்றமாகப் பட்டது. ரேவ் எனப்படும் திறந்தவெளி இரவு நடனக் கூட்டங்களைக் கலைக்க 1994-ல் கொண்டுவந்த சட்டத்தில், திரும்பத் திரும்ப வரும் அடிகளைக் கொண்ட இசை என்று வரையறையிலேயே எழுதி வைத்தார்கள். தாளம் திரும்பி வராத நாட்டுப்புற ஆட்டம் உலகில் எங்கே இருக்கிறது?

ஜெர்மனி வேறு வழியில் போனது. பெர்லினின் பெயர்பெற்ற டெக்னோ கிளப்பான பெர்க்ஹைனில் நடப்பது கச்சேரிக்கு ஒப்பானதே, 19 சதவீதம் அல்ல, 7 சதவீத வரி போதும் என்று 2016-ல் வரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024-ல் பெர்லின் டெக்னோ, நாட்டின் யுனெஸ்கோ மரபுப் பட்டியலிலும் ஏறியது. மகிழ்ச்சிதான். ஆனால் இது ஐரோப்பிய வெள்ளைக்காரர்களின் சரக்கு என்ற நினைப்பு அதனால் இன்னும் இறுகிவிடுமோ என்று எனக்குக் கவலை. 1980-களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற கறுப்பின இளைஞர்கள் உருவாக்கிய இசை இது.

அப்புறம், இங்கே பல கிளப்களில் வாசலிலேயே நம் போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். என்ன மறைக்கிறார்கள் என்று வெளியில் சந்தேகப்படுகிறார்கள். உள்ளே போனால் புரியும்: யாரும் யாரையும் படம் எடுப்பதில்லை, அதனால் நரைத்த தலைக்காரரும் கூச்சமில்லாமல் ஆடுகிறார்.

போய்ப் பார்க்க நினைப்பவர்கள் ஞாயிறு பகலில் போங்கள். சனி இரவில் தொடங்கியது அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். காதடைப்பான் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.