பயாப்ஸி இல்லாமலே தெரியும் கல்லீரல் புற்றுநோய்

கல்லீரலில் கட்டி என்றதும் "சதை எடுத்து டெஸ்ட் பண்ணியாச்சா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய்) உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது. நல்ல கல்லீரல் திசுவுக்கு ரத்தம் பெரும்பகுதி குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது, புற்றுக்கட்டியோ தமனி ரத்தத்தை நம்பி வளர்கிறது. அதனால் சாய மருந்து ஏற்றி சிடி எடுக்கும்போது முதலில் கட்டி மட்டும் பளிச்சென்று வெளுத்துத் தெரியும், அப்புறம் ஓரிரு நிமிடத்தில் சுற்றியுள்ள கல்லீரலைவிடக் கறுத்துவிடும். 1 செ.மீ.க்குக் குறையாத கட்டியில் இந்த இரண்டும் தெரிந்தால் கிட்டத்தட்ட உறுதிதான். ஏஎஃப்பி (கல்லீரல் புற்றில் ரத்தத்தில் ஏறக்கூடிய ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனை நார்மல் என்று சும்மா இருந்துவிடாதீர்கள், கட்டி இருந்தும் அது ஏறாமல் இருக்கலாம். சிரோசிஸ் இருந்தால் வலி வரட்டும் என்று காத்திருக்காமல் 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுங்கள். ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு சிரோசிஸ் வராமலேயே புற்று வரலாம், அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.